விசிலக்காவை வீட்டில் விடுவது யார்?

விசிலக்காவின் கழுத்தில் தொங்கிய விசில், பலரும் நினைப்பதுபோல, அவள் பிற்பாடு தொடங்கிய சங்கத்துக்காக வாங்கியதல்ல. அது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சொத்து. துவைக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் காதில் விழாது. அதனால் உலர்த்தும் பெட்டியைத் திறக்கப் போகிறவர் ஒரு தடவை ஊத வேண்டும். சூடான துணி வருகிறது, விலகு என்று அர்த்தம். அந்தப் பெட்டி அவள் பொறுப்பு. வேலை முடிந்து வரும்போது விசிலைக் கழற்றி வைக்க மறந்துவிடுவாள். நாளடைவில் தெருவில் அவள் பெயரே மறந்துபோயிற்று. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்கூட "விசிலம்மா" என்றுதான் கதவைத் தட்டுவார்.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தம்பி, அவனைப் படிக்க வைத்தாள், அவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான், அங்கேயே குடும்பம் குழந்தை என்று ஆகிவிட்டான். இவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. ஒரு வருஷம் தாங்கவில்லை. "ஏன், சரிப்பட்டு வரலையா?" என்று துருவுகிறவர்களிடம், "அவருக்கும்தான் சரிப்பட்டு வரல, அவரைப் போய்க் கேளுங்க" என்பாள். கேட்க யாரும் போனதாகத் தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று நான்கு முனைகளைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். மடிப்பு சேரும்போது இரண்டு பேரின் விரல்களும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். ஒரு நாளில் இன்னொரு மனிதரை அவள் தொடுவது அவ்வளவுதான். எதிரே நிற்கிற பெண்ணுடன் பேசலாம் என்றால் இயந்திரச் சத்தம். சத்தம் ஓய்ந்த பிறகு பேசலாம் என்றால் அந்தப் பெண்ணுக்குப் பஸ் போய்விடும்.

குடியிருந்தது மாடிக் குடியிருப்பு ஒன்றில் மேல் தளத்து ஒற்றை அறை. அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் ஷிப்ட் வேலைக்காரிகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தாங்களே பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அம்மா வரும்வரை கிடக்கும். பையன்களாவது தெருவில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் மாடிப்படியில் ஒரு சிறுமி புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இங்க உக்காந்திருக்க?"

"சாவி தொலைஞ்சுபோச்சு."

"அம்மா எப்ப வருவாங்க?"

"இருட்டினப்புறம்."

"அதுவரைக்கும் படியிலயேவா? மேல வா, என் ரூமுக்கு."

"தெரியாதவங்க வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

விசிலக்கா யோசித்தாள். பிள்ளை சொல்வதில் தப்பில்லை. "சரி. படி எல்லாருக்கும் பொதுதானே? நான் இங்க உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அம்மா வரும்வரை இருவரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. விசிலைக் காட்டு என்றாள் சிறுமி, இவள் காட்டினாள்.

மறுநாளும் அந்தப் பிள்ளை அதே படியில் இருந்தாள். கையில் சாவி.

"சாவிதான் கிடைச்சிடுச்சே, உள்ள போகவேண்டியதுதானே?"

"உள்ள யாரும் இல்ல."

மேலே விசிலக்காவின் அறையிலும் யாரும் இல்லை. இத்தனை வருஷமாக அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்தப் பொடிசு சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டது. அன்றும் படியில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளைக்குச் 'சாவி' என்று பெயர் வைத்தாள். சங்கம் ஆரம்பித்தது அங்கேதான். பிற்பாடு மேடைகளில் சொன்ன 'தொலைநோக்கு', 'இலட்சியம்' எதுவும் அந்தப் படியில் இல்லை. ஒரு பெரியவளும் ஒரு சின்னவளும் வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவே.

அடுத்த வாரம் சாவியின் வகுப்புத் தோழி வந்தாள். அவள் தங்கையை இழுத்து வந்தாள். ஒரு மாசத்தில் படியில் கால் வைக்க இடமில்லை. "நாங்க என்ன, பறந்தா மாடி ஏறணும்?" என்று குடித்தனக்காரர்கள் சத்தம் போட்டார்கள். எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். மழை வந்து அங்கிருந்தும் விரட்டியது. கடைசியில் மூடிக் கிடந்த சைக்கிள் கடை ஒன்றைக் கடைக்காரரின் மனைவி திறந்துவிட்டாள். அவள் மகளும் கூட்டத்தில் இருந்தாள்.

வெறுமனே உட்கார்ந்திருந்தால் சண்டை வருமே! அவரவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போட ஒரு நர்ஸைப் பிடித்து வந்தாள் விசிலக்கா. சைக்கிள் டியூப் ஒட்டுவது, உருகிப்போன ஃபியூஸ் மாற்றுவது, பஸ்ஸில் இடிக்கிறவனை ஊர் கேட்கத் திட்டுவது என்று பாடத்திட்டம் தன்பாட்டுக்கு வளர்ந்தது. திட்டும் வகுப்புக்குத்தான் வருகை அதிகம்.

அப்புறம், வாசல் வரை கொண்டுபோய் விடுவது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். கிட்டத்து வீடு முதலில், தூரத்து வீடு கடைசியில். ஒவ்வொரு வாசலிலும் மொத்தக் கூட்டமும் நிற்கும். உள்ளே போன பிள்ளை விளக்கைப் போட்டு ஜன்னலில் கை காட்டிய பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகரும். யாரும் தனியாகத் திரும்பக் கூடாது என்பது சட்டம். கடைசிப் பிள்ளையும் கை காட்டிவிட்டு உள்ளே போனதும் விசிலக்கா மட்டும் வந்த வழியே தனியாகத் திரும்புவாள். அந்தச் சட்டம் தனக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு பொருட்காட்சியில் ஒரு பிள்ளை கூட்டத்தில் காணாமல்போய், எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு எண். எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன் விசிலக்கா ஊதுவாள். பிள்ளைகள் வரிசையாக எண்ணைக் கத்துவார்கள். ஒரு குரல் குறைந்தாலும் யாரும் நகரக்கூடாது. ஊதுகிறவளுக்கு எதற்கு எண்? அவளுக்கு எண் இல்லை.

பக்கத்துத் தெரு அம்மாக்கள் வந்து கேட்டார்கள். அங்கே ஒரு கிளை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். நல்ல மனுஷி. ஆனால் மூன்று பேர் சேர்ந்து நின்றால் அதில் ஒருவரைச் செயலாளர் ஆக்காமல் விடமாட்டார். அவர் வந்த பிறகு 'வாசல் வரை பெண்கள் சங்கம்' என்று பதிவாயிற்று. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், ஆண்டு விழா, தீர்மானம் எல்லாம் வந்தன. விசிலக்காவுக்கும் ஒரு பதவி தருவதாகச் சொன்னார்கள். "மேடைல உக்காந்தா எனக்குக் கை கால் எங்க வெக்கறதுன்னு தெரியாதும்மா" என்று நழுவிக்கொண்டாள். அழைப்பிதழில் கடைசி வரியில் 'நிறுவனர்' என்று போட்டார்கள். கிளைகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிறுவனர் என்றால் செத்துப்போனவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி வளர்ந்தாள். அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கிளைக்கு அவள்தான் தலைவி. காற்றாகப் பறக்கிறவள். நின்று பேச நேரம் இருக்காது. "அக்கா, நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் பத்தடி போயிருப்பாள்.

விசிலக்கா வேலையிலிருந்து ஓய்வு பெறும் மாசம் வந்தது. தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஒருநாள் நீ வீடு திரும்பலன்னு வெச்சுக்க. முதல்ல யாருக்குத் தெரியும்?"

"என்னடா கேள்வி இது? சங்கம் பூரா இருக்குல்ல."

"சங்கம்னு சொல்லாத. ஒரு ஆள் சொல்லு."

ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை. சலவைக்கூடமாவது காலையில் ஆள் வரவில்லை என்று கவனிக்கும். இனி அதுவும் கிடையாது.

"இங்க உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கோம். வந்துடுக்கா."

"ஆண்டு விழாச் சுற்றுலா ஒண்ணு இருக்கு. அது முடியட்டும், சொல்றேன்" என்றாள். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சமைக்கும்போதும் அதே நினைப்பு, படுத்தாலும் அதே நினைப்பு.

சுற்றுலாவுக்கு எல்லாக் கிளைகளும் சேர்ந்து வரிசையாகப் பஸ்கள் எடுத்தன. ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்குப் போனார்கள். திரும்பும் நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளை கண்டதையும் தின்றுவிட்டுக் கவுனெல்லாம் வாந்தி எடுத்துவிட்டது. சலவைக்காரி கை சும்மா இருக்குமா? பிள்ளைக்கு வேறு உடுப்பு மாட்டி அனுப்பிவிட்டு, கவுனை எடுத்துக்கொண்டு பூங்காவின் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலில் நின்று துவைப்பது அவளுக்குப் பழகிய வேலை. அலசிப் பிழிந்து உதறிக்கொண்டு வந்து பார்த்தால் பஸ் நின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பினவர்கள் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போன கதையாக இருக்கிறதே! எண் சொல்லியிருப்பார்கள். ஒன்று குறையாமல் எல்லாக் குரலும் வந்திருக்கும். கணக்கு சரி, வண்டியை எடு என்றிருப்பார்கள். அவள் கற்றுக்கொடுத்தபடி ஒரு பிசகில்லாமல் செய்திருக்கிறார்கள்.

கைப்பை பஸ்ஸில், போன் கைப்பையில். வாசலில் இருந்த காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கவலைப்படாதீங்கம்மா. ஆள் குறையுதுன்னு தெரிஞ்சதும் பறந்தடிச்சுக்கிட்டு வருவாங்க" என்றார் காவலாளி.

"வருவாங்க, வருவாங்க."

டீசல் போட நிறுத்துவார்கள், அங்கே தெரிந்துவிடும். தெரியவில்லை போலிருக்கிறது. டீ குடிக்க நிறுத்துவார்கள், அங்கே நிச்சயம். கை நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு 'அக்கா எங்கே' என்று ஒரு குட்டியாவது கேட்காமல் இருக்குமா? சாலையில் பெரிய வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தாள். வெயில் தாழ்ந்தது. மடியில் இருந்த கவுன் காய்ந்துவிட்டது. காவலாளிக்கு இப்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தன் போனை நீட்டினார்.

"உங்காளுங்க யாருக்காவது பேசுங்கம்மா."

எண் போட்டுப் பேச அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தம்பியின் எண் ஒன்றுதான். போட்டாள்.

"நான் வந்துடறேன்டா" என்றாள். "மாசக் கடைசில வண்டி எடுத்துக்கிட்டு வா."

"ஏங்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

காவலாளி கொடுத்த காசில் டவுன் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தாள். தெருவில் சுற்றுலாவின் சுவடே இல்லை. எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் வாசல் வரை கொண்டுபோய் விடப்பட்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி வாங்கி மேலே போய்க் கதவைத் திறந்தாள். கவுனைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு மாதிரி சொல்லி என்ன ஆகப் போகிறது?

மறுநாள் காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. அதுவும் அவளைத் தேடி அல்ல, கவுனைத் தேடி. பிள்ளையின் அம்மா சாவியைக் கேட்க, சாவி அடுத்த பஸ் தலைவியைக் கேட்க, அவள் அதற்கடுத்தவளைக் கேட்க, இந்தப் பஸ்ஸில் இல்லாத அக்கா அந்தப் பஸ்ஸில் இருப்பாள் என்று ஒவ்வொரு பஸ்ஸும் நினைத்திருந்தது தெரிந்தது. சாவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அக்கா, உங்க பை ஆபீஸ் பீரோல பத்திரமா இருக்குக்கா" என்றாள். சொன்ன பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"விடுடி. இந்தா கவுன். அவங்கம்மாகிட்ட கறை போயிடுச்சுன்னு சொல்லு."

"திட்டுங்கக்கா என்னை."

"திட்டி என்ன? நான் மாசக் கடைசில தம்பி வீட்டுக்குப் போறேன்டி. வேலையும் முடிஞ்சுபோச்சு. இங்க இருந்து என்ன பண்ணப்போறேன்?"

தலைமையாசிரியம்மா அவசரக் கூட்டம் போட்டார். "இது நிர்வாகக் குறைபாடு" என்றார். விசிலக்காவுக்கும் ஓர் எண் தருவது, மற்றவர்களைப் போலவே அவரையும் வாசல் வரை கொண்டுபோய் விடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. எண்கள் எல்லாம் ஏற்கெனவே ஆளுக்கொன்றாகப் போய்விட்டதால், நேற்றுச் சேர்ந்த வாண்டுக்கு அடுத்த எண் அவளுக்குக் கிடைத்தது. அடுத்த கூட்டத்தில் வரிசையின் வாலில் நின்று எண்ணைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைதான் நிலைத்தது. கிட்டத்து வீடு முதலில் என்பது சட்டம். இருக்கிறதிலேயே கிட்டத்து வீடு அவளுடையது. கிளம்பிய சூடு ஆறுவதற்குள் அவளை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மேலே போய் விளக்கைப் போட்டு ஜன்னலில் கை காட்டினாள். கீழே மொத்தக் கூட்டமும் பதிலுக்குக் கை காட்டியது. பிறகு திரும்பி நடந்தது. யாரோ ஏதோ ஜோக் அடித்தார்கள். சிரிப்பு தெரு திரும்பி, அடுத்த தெரு திரும்பி, கேட்காமல் போயிற்று. விசிலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் நன்றாக இருட்டக்கூட இல்லை. சாப்பிடலாம், பசியில்லை. பிள்ளைகளின் சளசளப்புக்கு நடுவே தெருத் தெருவாக நடக்கிற அந்த நடை ஒன்றுதான் தனக்கென்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அன்பாலேயே அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தம்பி வீட்டில் அறை தயாராக இருக்கிறது, இங்கே எதற்கு?

மாசக் கடைசிக்கு முந்தின கூட்டம். சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்டது, மறுநாள் தம்பி வண்டியோடு வருகிறான். கிளம்பும்போது அவள் வாசலில் கூட்டம் நின்றது. அவள் நிற்காமல் நடந்தாள்.

"அக்கா, உங்க வீடு வந்துடுச்சு."

"தெரியும். நான் பாக்காத வீடா? நடங்கடி."

"தீர்மானம் போட்டிருக்குக்கா."

"தீர்மானத்தை நீ வீட்ல கொண்டுபோய் விடு. கடைசி வாரம், நான் கடைசி வரைக்கும் வரேன்."

வீடு வீடாகப் பிள்ளைகள் குறைந்தார்கள். ரயில் பாதை தாண்டி, குடிமாறிப் போயிருந்த சாவியின் வீடுதான் கடைசி. இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாவி உள்ளே போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எப்படிக்கா தனியா போவீங்க?"

"இத்தனை வருஷம் எப்படிப் போனேனோ அப்படித்தான்."

சாவி கேட்டைத் திறந்தாள், திரும்பிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடுங்க" என்றாள்.

விசிலக்கா தலையாட்டினாள். திரும்பி நடக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் இது எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதானே. சொன்ன கையோடு மறந்தும் போவார்கள். பை பத்திரமாக இருக்கிறது என்று சொன்னவள்தானே இவள்.

வீட்டுக்கு வந்தாள். கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தாள். போனைக் கையில் எடுத்தாள். போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். இந்த வயதில் என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், ஆனாலும் போடவில்லை. சாவியாகவே தேடிப் போன் அடித்தால் ஒன்று, அடிக்காவிட்டால் ஒன்று. அடிக்காவிட்டால் நாளைக்கு வண்டியில் ஏறும்போது மனசு பாரமில்லாமல் ஏறலாம். கீழ்வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தார்கள். அப்படியானால் சாவி சாப்பிட்டிருப்பாள், படுத்திருப்பாள். பாவம், காலையில் அவளுக்கு வேலை இருக்கிறது. சரி, போகட்டும் என்று போனை அலமாரியில் வைக்க எழுந்தாள்.

அடித்தது.

"எங்கக்கா இருக்கீங்க?" என்று கத்தினாள் சாவி. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. தெருவில் நின்று பேசுகிறாள்.

"வீட்லதான்."

"எப்ப வந்தீங்க?"

"அப்பவே."

"அப்பவேவா? வந்தா சொல்லமாட்டீங்களா? போன் போடுங்கன்னு சொன்னேனா இல்லையா? அறிவு வேணாம்? நான் நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு ரயில் பாலம் வரைக்கும் வந்துட்டேன், எங்கயாவது விழுந்து கிடக்கறீங்களான்னு ஒவ்வொரு கடையா விசாரிச்சுக்கிட்டு! டீக்கடைக்காரன் சிரிக்கறான் என்னைப் பாத்து! எங்கம்மா வேற வாசல்ல நின்னுக்கிட்டு..."

விசிலக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். இப்படி அவளை யாரும் திட்டி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நாளைக்கு வண்டி எடுத்து வர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்ல வேண்டும். இந்நேரம் அவன் தூங்கியிருக்க மாட்டான், இப்போதே சொல்லிவிடலாம்தான். ஆனால் சாவி இன்னும் திட்டி முடிக்கவில்லை.